இன்னொரு டிஸ்க்குக்கு இடம்

அக்கா வீட்டில் அவனுக்குப் பெயர் எஞ்சினியர். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பெயர் ஸ்டோர். இந்த இரண்டு பெயரும் எங்கேயும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாமல் இத்தனை வருஷம் காப்பாற்றி வந்ததுதான் அவன் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை.

பொய் என்று அவன் எதையும் சொன்னதில்லை. தனக்குத்தானே இதை அடிக்கடி சொல்லிக்கொள்வான். வேலை கிடைத்த புதிதில் அக்கா போனில், "எந்த டிபார்ட்மென்ட்டுடா?" என்று கேட்டாள். "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்" என்றான். அதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. அந்தப் பெரிய அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில், கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்து கேட்கிறவர்களுக்கு மவுஸ், கீபோர்டு, ஒயர், டிஸ்க் என்று எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது அவன் வேலை. அந்தப் பக்கம் அக்கா யாரிடமோ, "தம்பி கம்ப்யூட்டர் எஞ்சினியராயிட்டான்" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. அங்கேயே மறுத்திருக்கலாம். அவள் குரலில் இருந்த பூரிப்பைக் கேட்டு, சரி, நேரில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். நேரில் போனான். பல தடவை போனான். சொல்லத்தான் இல்லை.

அதற்கப்புறம் அந்தப் பெயர் தானாகவே வளர்ந்தது. மச்சானின் டிவி ரிமோட் ஒருநாள் வேலை செய்யவில்லை. இவன் பேட்டரியை மாற்றிப் போட்டான். இன்னொரு நாள் இன்டர்நெட் வரவில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மச்சான்" என்றான். வந்துவிட்டது. டெலிவரி வேன் ஓட்டும் மச்சானுக்கு வாய் கொஞ்சம் நீளம். "மாப்பிள்ளை வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே மெஷினுக்கெல்லாம் குளிர்காய்ச்சல் வந்துடுது" என்பார். அக்காவுக்குப் பெருமை தாங்காது. இவனுக்கும்தான். அதுதான் கேவலம். பெருமைப்பட வேண்டாம் என்று நினைத்தாலும் முகம் கேட்காமல் மலர்ந்துவிடும்.

அக்கா செய்வது எம்பிராய்டரி. கையால் அல்ல, மெஷினில். பள்ளிக்கூடச் சீருடையில் வரும் பேட்ஜ், சட்டைப் பையில் கம்பெனி முத்திரை, ஓட்டல் துண்டில் பெயர் இவையெல்லாம் அவள் வீட்டு முன்னறையிலிருந்து போகிறவை. மெஷினுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே அடர்த்தி, எங்கே இடைவெளி, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அவள் வரைந்து கொடுத்தால்தான் அது தைக்கும். ஒரு சிங்கத்தின் பிடரியை வரைய அவளுக்கு ஒரு முழு வாரம்கூட ஆகியிருக்கிறது. மகள் பிறப்பதற்கு முந்தைய நாள்வரை உட்கார்ந்து வரைந்தாள். அப்படி வரைந்ததெல்லாம் மேசைக்கடியில் கிடந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தது.

அந்தப் பெட்டியை வாங்கித் தந்ததும் இவன்தான். அறையில் பாதியை எம்பிராய்டரி மெஷின் அடைத்துக்கொண்டதால், இருப்பதிலேயே ஒல்லியாக, செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். "எஞ்சினியர் பார்த்து வாங்கினது" என்று அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

இப்போது அதில் இடம் தீர்ந்துவிட்டது. புதிதாக எதை வரைந்தாலும் சேமிக்க மாட்டேன் என்றது கம்ப்யூட்டர்.

"இன்னொரு டிஸ்க் போட்டுடுடா. போட்டு எல்லாத்துக்கும் அதுல ஒரு காப்பி வச்சுடு. இது ஒண்ணு போச்சுன்னா நான் தெருவுலதான் நிக்கணும்" என்றாள் அக்கா.

"எதுக்கு அவரைச் சிரமப்படுத்தறே? மார்க்கெட்ல ரிப்பேர் கடைக்காரன் இருக்கான், கூப்பிட்டா வருவான்" என்றார் மச்சான்.

"வீட்டுல எஞ்சினியரை வச்சுக்கிட்டுக் கடைக்காரனைக் கூப்பிடுவாங்களா? கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

அந்த நிமிஷம் அவன் வாயைத் திறந்து, கடைக்காரரையே கூப்பிடுங்க என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். "ஞாயித்துக்கிழமை வரேன்கா" என்றான்.

அவன் கைபட்டுப் போன டிஸ்க்குகளை அடுக்கினால் ஒரு சுவரே எழுப்பலாம். ஆனால் அத்தனையும் உறை பிரிக்காதவை. ஒன்றைக்கூட அவன் ஒரு பெட்டிக்குள் பொருத்தியது கிடையாது. சனிக்கிழமை முழுக்க போனில் வீடியோ பார்த்தான். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே, பேசிக்கொண்டே, சர்ரென்று சொருகி முடித்தான். அருகில் வந்து எட்டிப் பார்த்த மனைவிக்கு அவன் வேலை என்னவென்று நன்றாகத் தெரியும். "கடைக்காரர்கிட்ட விட்டுடலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். "சின்ன வேலைதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தான். வீடியோவில் காட்டிய பெட்டிக்குள் ஆள் படுத்துப் புரளலாம். இதற்குள் விரல் நுழையவே யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் கரண்ட் கொடுக்கும் கனத்த டப்பா. அதை உரசிக்கொண்டு ஒரு தகரக்கூடு. கூட்டின் மேல்தட்டில் பழைய டிஸ்க். கீழ்த்தட்டு காலி, அதுதான் புதியதற்கு. ஆனால் பழைய டிஸ்க்கின் பின்னாலிருந்து இறங்கிய சிவப்பு ஒயர் கீழ்த்தட்டின் வாயைக் குறுக்கே அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால்தான் புதியது உள்ளே போகும்.

மச்சான் டார்ச் பிடித்தார். "மாப்பிள்ளை, ஆபரேஷன் தியேட்டர்ல நெத்தி வேர்வையைத் துடைச்சு விடுவாங்கல்ல, துடைக்கவா?"

"வெளிச்சத்தை மட்டும் ஆட்டாமப் பிடிங்க மச்சான்."

"பேஷன்ட் பிழைச்சுடுவாரா?"

"சும்மா இருங்களேன், அவன் வேலை செய்யட்டும்" என்றாள் அக்கா, தையலை நிறுத்தாமல்.

ஒயரின் தலையில் ஒரு சின்னத் தகரக் கொக்கி இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக இழுத்தால் ஒயர் சமர்த்தாக வந்துவிடும். அவன் ஸ்டோரில் கொக்கி வைத்த ஒயர், கொக்கி வைக்காத ஒயர் என்று இரண்டு தனித்தனி டப்பா உண்டு. "கொக்கி உள்ளதா, இல்லாததா?" என்று கேட்டுத்தான் எடுத்துக் கொடுப்பான். அந்தக் கொக்கி எதற்கு என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

விரல் நுழையாத இடுக்கில் ஒயரின் கழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தான். தீக்குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒயர் கையோடு வந்துவிட்டது.

"என்ன சத்தம்?" என்றார் மச்சான்.

"கழண்டுடுச்சு."

ஒயர் கழன்ற இடத்தைப் பார்த்தான். டிஸ்க்கின் முதுகில் 'ட' எழுத்தை வார்த்த மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது இல்லை, உடைந்து ஒயரின் வாய்க்குள்ளேயே மாட்டியிருந்தது. அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டிய முடி போன்ற கம்பிகள் மட்டும், பிடிமானமில்லாமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன.

டார்ச் மங்குகிறது என்று மச்சான் உள்ளே போனார். தேநீர் வைக்க அக்கா எழுந்து போனாள். அறையில் அவன் மட்டும். கை தானாக அந்த ஒயரைச் சுருட்டியது. கீழே கிடந்த நூலை எடுத்துச் சுற்றி முடிச்சும் போட்டது. மெஷினுக்குப் பக்கத்தில் நூல் வெட்டுக்களைப் போடும் சாக்கு இருந்தது. அதற்குள் முழங்கைவரை கையை விட்டு ஒயரை அடியில் செருகினான். புது டிஸ்க்கோடு வந்த ஒயரை எடுத்துப் பழைய டிஸ்க்கில் வைத்து ஒட்டினாற்போல நிறுத்தினான். புதியதையும் கீழ்த்தட்டில் தள்ளினான்.

அக்கா தேநீரோடு வந்து நின்றபோது பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது, டிஸ்க் எதுவும் இல்லை என்று.

"என்னடா சொல்லுது?"

கம்பிவலை ஜன்னலுக்கு வந்துபோகும் எஞ்சினியர்கள் பேசும் ஒரு தோரணை உண்டு. ஒன்றுமே பெரிதில்லை என்பது போன்ற தோரணை. அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் படிந்திருந்தது. அந்தக் குரலில்தான் சொன்னான். "பழைய டிஸ்க்குக்கு வயசாயிடுச்சுக்கா. இதெல்லாம் இப்படித்தான். நேத்து நல்லா ஓடும், இன்னைக்கு நின்னுடும்."

"காலையிலகூட ஓடுச்சேடா."

"ஆமா. நல்லவேளை, நான் இருக்கும்போது நின்னுச்சு."

இதைச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

அக்கா அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. அலமாரியைத் திறந்து, மாதிரிக்காக வைத்திருந்த பழைய பேட்ஜ் ஒன்றை எடுத்தாள். புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய பேட்ஜ் அது, பிடரி விரித்த சிங்கம். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, கத்தரியின் நுனியால் ஒவ்வொரு நூலாக நெம்பி, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் கோடு போட ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்றே?"

"திரும்ப வரையணும்ல. புதன்கிழமைக்குள்ள முடியுமான்னு பார்க்கறேன்." நிமிராமலே சொன்னாள். "நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கறே? உன்னால ஆனதைச் செஞ்சே. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டான். அவள் எழுந்து வந்து பரிமாறினாள். தலையைக் குனிந்துகொண்டு போட்டதையெல்லாம் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லக்கூட அன்றைக்குத் தனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. கிளம்பும்போது பழைய டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஆபீஸ்ல பெரிய மெஷின்ல வச்சுப் பார்க்கறேன்கா" என்றான். அதையும் அவள் நம்பினாள்.

அலுவலகத்தில் ரிப்பேர் மேசையில் இருப்பவரை எல்லோரும் மேடம் என்பார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலையே பார்ப்பார். தினமும் இவனிடம் சாமான் வாங்க வருகிறவரிடம், திங்கட்கிழமை காலையில் இவன் போய் நின்றான்.

"என்ன ஸ்டோர், அதிசயமா இந்தப் பக்கம்?"

டிஸ்க்கை எடுத்து வைத்தான். திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தக் கடப்பாரை?" என்றார்.

"தெரிஞ்சவங்க வீட்டுல…"

"தெரிஞ்சவங்க கையை ஒடிக்கணும். சரி, டிஸ்க் ஒண்ணும் சாகலை. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். இந்த நாக்கு உடைஞ்சு ஒயரோட வாய்க்குள்ளே மாட்டியிருக்கும். அந்த ஒயரைக் கொண்டு வா. அந்தத் துண்டை இந்தக் கம்பிங்களுக்கு அடியில மெதுவா உட்கார வச்சுட்டா படிச்சுடலாம். வேற எதையும் சொருகிப் பார்க்காதே. கம்பி வளைஞ்சுதோ, அவ்வளவுதான்."

"வேற ஒயர் போட்டா ஆகாதா மேடம்? ஸ்டோர்ல நிறைய இருக்கே."

"உன் ஸ்டோர்ல நாக்கும் இருக்கா?"

அவன் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினான். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தாளில் சிங்கத்தின் ஒரு காதும் பிடரியில் கொஞ்சமும் வந்திருந்தன. கண் சிவந்திருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் சாக்கு இல்லை.

"அக்கா, அந்த நூல் சாக்கு எங்கே?"

"காலையில மெத்தைக் கடைக்கு அனுப்பிட்டேனே. மாசாமாசம் அவங்கதானே எடுத்துக்கறாங்க. எதுக்குடா?"

"ஒரு ஒயர். தவறி அதுக்குள்ளே விழுந்துடுச்சு போல. அது கிடைச்சா உன் டிசைனெல்லாம் கிடைச்சுடும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மெத்தைக் கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மெஷின் துணிக் கழிவையும் நூலையும் பிய்த்துப் பஞ்சாகத் துப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அதற்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். சாக்கு இன்னும் பிரிக்காமல் ஓரமாக இருந்தது. அதைத் தரையில் கவிழ்த்தார்கள். அந்த மாதம் முழுக்க அக்கா தைத்தது சிவப்பு முத்திரைகள். குவியல் முழுக்கச் சிவப்பு நூல். ஒயரும் சிவப்பு.

அக்கா மண்டியிட்டு அமர்ந்து இரண்டு கையாலும் அளைந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்தான். மெத்தைக் கடைக்காரர் நல்ல மனுஷர். அவரும் குனிந்து, "என்னம்மா தொலைச்சீங்க, மோதிரமா?" என்றார்.

"ஒயருங்க. என் தம்பி எஞ்சினியர், அவன் கையிலேருந்து தவறி விழுந்துடுச்சு."

அவன் தேடுவதை நிறுத்திவிட்டு நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் கையில்தான் கிடைத்தது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. ஒயர் அழகாக வளையம் வளையமாகச் சுருட்டி, நடுவில் நூல் சுற்றி, இறுக்கமாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது. ஸ்டோரில் ஒவ்வொரு ஒயரையும் அவன் அப்படித்தான் கட்டி வைப்பான்.

"தவறி விழுந்த ஒயர் தன்னைத்தானே சுருட்டி முடிச்சும் போட்டுக்குமாடா?"

மெஷின் நின்றிருந்ததால் கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. அள்ளிப்போடும் பெண்கள் இரண்டு பேரும் மூக்குத் துணியை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

"உன்னைத்தான் கேட்கறேன்."

"நான்தான்கா உடைச்சேன். டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு. இழுக்கத் தெரியாம இழுத்து உடைச்சுட்டேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு இதுக்குள்ள போட்டேன்."

"இழுக்கத் தெரியாமன்னா? எஞ்சினியருக்குத் தெரியாதா?"

"நான் எஞ்சினியர் இல்லக்கா."

அவளுக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. "பின்ன யாரு நீ?" என்றாள், வழியில் பார்த்த ஆளைக் கேட்கிற மாதிரி.

"ஸ்டோர்ல இருக்கேன். கேட்கிறவங்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பேன்."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்து."

அக்கா ஒயரைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். எழுந்து, முழங்காலில் ஒட்டிய சிவப்பு நூலைத் தட்டிவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"இதைச் சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமை கடைக்காரனைக் கூப்பிட்டிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "ராத்திரி பூரா கண்ணைக் கெடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே" என்றுகூடச் சொல்லவில்லை. அதை அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான், அன்றைக்கும் அதற்கப்புறமும்.

அந்த ஒயரையும் புது டிஸ்க்கையும் அவன் அலுவலகத்துக்கு எடுத்துப் போனான். மேடம் ஊசியும் கண்ணாடியுமாக அந்தத் துண்டை உட்கார வைத்துப் படிக்க வைத்தார். புது டிஸ்க்குக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஓட்டல் துண்டில் தைக்கும் சில பெயர்கள் மட்டும் திறக்கவில்லை. சிங்கம் முழுசாக வந்தது. அன்று சாயங்காலமே மார்க்கெட் கடைக்காரர் வந்து, அந்த ஒல்லிப் பெட்டியைத் திறந்து பார்த்து, "இவ்வளவு சின்னதை யாரு வாங்கித் தந்தது?" என்று கேட்டுக்கொண்டே புது டிஸ்க்கைப் பொருத்தினார். அவன் சுவரோரமாக நின்று வேடிக்கை பார்த்தான். கடைக்காரர் கொக்கியை அழுத்தும்போது மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தான்.

புதன்கிழமை பேட்ஜ் வாங்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவன் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைக்கு அப்புறம் தினமும் வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். யாரும் வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

"இவர்தானே உங்க எஞ்சினியர் தம்பி? எங்க ஆபீஸ் பிரிண்டர் ரொம்பப் படுத்துது. ஒருநாள் வந்து பார்ப்பாரா?" என்றார் அந்த அம்மா.

அக்கா ஏதாவது சமாளித்துவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

"இல்லைங்க" என்றாள் அக்கா, நூலைக் கத்தரித்துக்கொண்டே. "அவன் ஸ்டோர்ல வேலை பார்க்கறான். சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. பிரிண்டருக்கு மார்க்கெட்ல ஒருத்தர் இருக்காரு, நம்பர் தரேன்."

அவள் குரலில் கோபமில்லை, குத்தலில்லை. பேட்ஜின் அகலம் என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். அந்த அம்மா "ஓ, அப்படியா" என்று நம்பரை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்த விஷயம் ஒரு மூச்சில் முடிந்துபோனது. மனசு லேசாகும் என்று எங்கேயோ படித்திருந்தான். அவனுக்கு லேசாகவில்லை. இத்தனை காலம் அவள் ஒவ்வொருவரிடமும் எஞ்சினியர் என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அது அங்கே இல்லை.

மச்சான் வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முன்பெல்லாம் இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் ஒரு வாரத்துக்கு விட மாட்டார். அவன் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாப்பிள்ளை, டீ குடிச்சீங்களா?" என்றார் மச்சான். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.